அப்பப்பாவின் துவக்கு லைசன்சும் நாட்டின் துவக்குக் கணக்கும்

போன கிழமை திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகச் சாமான்களையெல்லாம் முற்றத்தில் எடுத்து வைத்தோம். அப்பாச்சியின் தகரப் பெட்டியும் வெளியே வந்தது. காணிப் பெர்மிட்டுக்குக் கீழே, ஒரு சொப்பிங் பைக்குள், நாலாக மடித்தபடி அப்பப்பாவின் துவக்கு லைசன்ஸ் இருந்தது. ஒற்றைக்குழல், 12 போர். மடிப்பு ஓரமெல்லாம் நைந்து, ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. வருசத்துக்கு ஒரு புதுப்பிப்பு முத்திரை, மங்கிய ஊதா மையில். கடைசி முத்திரை 1984.

அந்தத் துவக்கு 1985இல் போய்விட்டது. ஒரு இரவு மூன்று பொடியன்கள் வந்து, "ஐயா, உங்களிட்ட ஒரு துவக்கு இருக்காம், அதைத் தாங்கோ" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்களாம். அப்பப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். எந்த இயக்கம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை, இப்போது அதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் லைசன்ஸ் வைத்திருந்த வீடுகளுக்கு மட்டும், ஒன்றையும் தவறவிடாமல், அந்த ஒரே இரவில் நேராக வந்தார்கள். பட்டியல் அவர்கள் கையில் இருந்தது என்றுதான் அப்பப்பா சாகும்வரை சொன்னார். பறிபோனதைப் பொலிஸில் போய்ச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. சொன்னால் கொடுத்தவன் என்று பொலிஸ் பிடிக்கும், சொன்னதற்காக இயக்கம் வரும். ஆக, துவக்கு காட்டுக்குப் போய்விட்டது, கச்சேரிப் பதிவில், அதாவது மாவட்டச் செயலகத்துப் பதிவில், அது அப்பப்பாவின் கையிலேயே இருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இலங்கையில் துவக்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் "நாட்டில் லைசன்ஸ் உள்ள துவக்கு இத்தனைதான்" என்று ஓர் இலக்கத்தை எடுத்துப் போடுகிறார், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த இலக்கம் கடதாசிகளின் எண்ணிக்கை. கச்சேரி மேசைவரை வந்து கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கை. துவக்கு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது வேறு சங்கதி. எங்கள் வீட்டிலேயே கடதாசி ஒரு பக்கமும் இரும்பு இன்னொரு பக்கமுமாகப் போயிருக்கிறது என்றால், நாடு முழுக்க எப்படி இருக்கும்?

உலகக் கணக்கும் இந்த லட்சணம்தான். ஜெனீவாவில் இருக்கிற ஸ்மோல் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 2017 முடிவில் உலகத்தில் 100 கோடிக்கும் மேல் துப்பாக்கிகள், அதில் இராணுவங்களிடமும் பொலிஸிடமும் இருப்பவை போக, பொதுமக்கள் கையில் மட்டும் 85.7 கோடி என்றார்கள். இந்த 85.7 கோடியில் எங்காவது பதியப்பட்டதாகத் தெரிய வந்தவை சுமார் 10 கோடி, அதாவது 12 சதவீதம். மிச்சம் முழுவதும் ஊகம். பொறுப்பான ஊகம்தான், கள ஆய்வு, நிபுணர்களின் கணிப்பு, ஒத்த நாடுகளோடு ஒப்பீடு என்று பல வழிகளில் சரிபார்த்த ஊகம், அவர்களும் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த இலக்கம் செய்திக்கு வந்து சேரும்போது யாரோ வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் 39.3 கோடி, 100 பேருக்கு 120 துப்பாக்கி, ஆளைவிட ஆயுதம் அதிகம். அதுவும் மதிப்பீடுதான், ஏனென்றால் அந்த நாட்டில் மத்திய அரசு துப்பாக்கிக்காரர்களின் பொதுப் பதிவேடு வைக்கவே கூடாது என்று 1986இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். மூடிய துப்பாக்கிக் கடைகளின் விற்பனைப் பதிவுகள் மேற்கு வேர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பேர்க் என்ற ஊரில் ஒரு நிலையத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்து வைத்தாலும் வாங்கியவரின் பெயரைக் கொடுத்துத் தேட முடியாது. ஆள் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும். பட்டியல் என்று ஒன்று இருந்தால் ஒரு நாள் அதை வைத்தே வீட்டுக்கு வந்து பறிப்பார்கள் என்பதுதான் அங்கே எதிர்ப்பவர்களின் வாதம். நம்மில் பலர் இதைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் பதிவேடு வேண்டும் என்கிற பக்கம்தான் நான் நிற்கிறேன், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விசயம். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா" என்று கேட்டு எடுக்கும் ஆய்வுகளில், மணமான ஆண்களில் ஆம் என்று சொல்பவர்களின் விகிதம் மணமான பெண்களில் ஆம் என்பவர்களின் விகிதத்தைவிடக் கூடுதலாக வருகிறது. ஒரே வீட்டில் வாழ்கிற கணவன் மனைவிதானே, இரண்டு பக்கமும் ஒரே அளவாக அல்லவா வர வேண்டும்? சிலருக்குக் கணவன் வைத்திருப்பதே தெரியாமல் இருக்கலாம். சிலர் தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இதை வாசித்தபோது அப்பாச்சிதான் நினைவுக்கு வந்தா. சுற்றிவளைப்புக் காலத்தில் யார் வந்து கேட்டாலும் "எங்கட வீட்டில அப்படி ஒண்டும் எப்பவுமே இருந்ததில்ல" என்பதுதான் அவவின் ஒரே பதில். லைசன்ஸ் கடதாசியையே எத்தனையோ முறை இடம் மாற்றி ஒளித்தா. எரிக்கவும் மனமில்லை, ஏனென்றால் ஒரு நாள் "சட்டப்படி வைத்திருந்ததுதான்" என்று காட்ட வேண்டி வரலாம். அவவிடம் எந்த அதிகாரி படிவம் நீட்டியிருந்தாலும் பூச்சியம் என்றுதான் விழுந்திருக்கும். எண்ண வருகிற ஆளில் நம்பிக்கை இருக்கிற அளவுக்குத்தான் எண்ணிக்கையும் சரியாக இருக்கும். நான் இந்தப் பதிவில் சொல்ல வந்ததே இதுதான்.

சரி, பதிவேடே வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே 1983இல் சாதாரண ரைபிள், சொட்கன் ஒவ்வொன்றையும் பதிவதை நிறுத்திவிட்டு, ஆளுக்கு லைசன்ஸ் கொடுத்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சேர்ச்சில் பள்ளிவாசல்களில் தொழப் போன 51 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு பெரும்பாலான அரை தானியங்கி ஆயுதங்களைத் தடைசெய்து, காசு கொடுத்து மக்களிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். 56,000க்கும் மேல் வந்து சேர்ந்தது. நல்ல வேலை. ஆனால் மொத்தம் எத்தனை இருந்தது, ஊகங்கள் ஐம்பதினாயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல்வரை ஓடின. அப்படியானால் 56,000 என்பது முக்கால்வாசியா கால்வாசியா என்று எப்படிச் சொல்வது? 2023இல்தான் திரும்பவும் பதிவேட்டைத் தொடங்கினார்கள். நாற்பது வருச இடைவெளி.

எங்கள் நாட்டுச் சட்டம் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. வயல் காவலுக்கு என்றால் கச்சேரியில் லைசன்ஸ், ஆள் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சில், வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். 2024 கடைசியில் ஆள் பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளையெல்லாம் கொண்டுவந்து ஒப்படையுங்கள், மீளாய்வு செய்யப்போகிறோம் என்று அமைச்சு அறிவித்தது. அதை நான் வரவேற்கிறேன். கடதாசியையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது குறைகிறது என்று தெரியும்.

ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் ஆட்களை முடமாக்குவது பெரும்பாலும் லைசன்ஸ் துவக்கு இல்லை. கட்டுத்துவக்கு. பன்குளம், கோமரங்கடவல, கந்தளாய், வெருகல் என்று காட்டோரம் வெள்ளாமையும் சேனையும் செய்கிற இடமெல்லாம் இந்தப் பயம் இருக்கிறது. பன்றி வரும் தடத்தில் கட்டி வைக்கிறார்கள், கயிற்றில் எது பட்டாலும் வெடிக்கும். 2011இல் எங்கள் மாமா ஒருவர் பன்குளப் பக்கம் விறகுக்குப் போன இடத்தில் இடது காலில் வாங்கினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எழுதி, அடுத்த நாள் பொலிஸ் மாமாவின் மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது அங்கே துவக்கு இல்லை. கட்டியவன் இரவோடு இரவாகக் கழற்றிவிட்டான். மரத்தில் கயிறு உராய்ந்த தழும்பு ஒன்று, தரையில் காய்ந்த இரத்தம், அவ்வளவுதான். ஒரு மனிதனின் கால் போன பிறகும் அந்தத் துவக்கு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்றைக்கும் அது எங்கோ ஒரு மரத்தில் கட்டியிருக்கலாம்.

கட்டுகிறவனையும் நான் முழுக்கப் பழிக்கமாட்டேன். நாலு மாதம் காவல் குடிலில் விடிய விடிய முழித்து, கடன்பட்டுச் செய்த வயலை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போகும், இல்லாவிட்டால் யானை வேலியைச் சாய்த்துவிட்டு வரும். யானையை விரட்டக் கொளுத்துகிற வெடிக்கு அது எத்தனை நாளைக்குப் பயப்படும்? லைசன்ஸ் எடுக்க அலைவதைவிடக் கட்டுத்துவக்குச் செய்யக் குழாய் ஒன்று தேடுவது சுலபம் என்று ஆகிவிட்டது. யானைகளின் உடலைக் கூறுபோட்டுப் பார்க்கும்போது ஆறிப்போன காயங்களில் பழைய சன்னங்கள் தோலுக்கடியில் அகப்படுவதை வன ஜீவராசிகள் வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கணக்கில் இல்லாத துவக்குகளின் தடயம் யானையின் உடம்பில் கிடக்கிறது.

இன்னொன்று, அரசாங்கத்தின் துவக்கு எப்போது பொதுமகனின் துவக்காகிறது? எண்பதுகளில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைக்குச் சொட்கன் கொடுத்தார்கள். பகலில் வயல்காரன், இரவில் காவல்காரன், அவன் கையிலிருந்ததை எந்தக் கணக்கில் போடுவது? 1987 ஓகஸ்டில் பலாலியில் விடுதலைப் புலிகளின் ஆயுத ஒப்படைப்பு நடந்தது, ஒக்டோபரிலேயே இந்தியப் படையோடு சண்டை மூண்டது. ஒப்படைத்ததைத்தான் எண்ணலாம், வைத்துக்கொண்டதை எண்ண முடியாது என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின. 2025 பெப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டப் புத்தகத்தைக் குடைந்து அதற்குள் வைத்துக் கொண்டுபோன கைத்துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டார்களே, இப்படியான ஆயுதங்களெல்லாம் லைசன்ஸ் எண்ணிக்கையில் வருமா?

பயிரை நாசமாக்குகிற விலங்குகளின் அரசாங்கக் கணக்கெடுப்புக்காக, 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாடு முழுக்கக் குரங்கு, மயில், மரஅணில் எல்லாம் எண்ணினோம். வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள், என் மாமியும் முற்றத்தில் நின்று எண்ணி எழுதினா. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பது வேறு பேச்சு. ஆனால் குரங்கைச் சொல்வதில் யாருக்கும் பயமில்லை. துவக்குக்கு அதே படிவத்தைக் கொடுத்தால் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

ஆகவே எனக்கு வேண்டியது இன்னொரு இலக்கம் இல்லை. மாவட்டம் மாவட்டமாக, புதுப்பிக்காமல் விட்ட லைசன்ஸ் எத்தனை, ஆள் செத்தும் பதிவில் கிடப்பது எத்தனை, படைகளிடமிருந்து காணாமல் போனது எத்தனை, கைப்பற்றியதில் கட்டுத்துவக்கு எத்தனை என்று தெரியாததையும் சேர்த்து வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், பெயர்கள் எங்கே போய்ச் சேரும் என்பதை எங்கள் ஊர் ஒரு தரம் பார்த்துவிட்டது, பதிவேட்டைப் பூட்டி வையுங்கள், யார் திறந்தார் என்றும் எழுதி வையுங்கள். பொதுமன்னிப்புக் கொடுத்தால் ஒரு கிழமை இரண்டு கிழமை என்று கொடுக்காதீர்கள். ஒரு போகம் முழுக்கக் கொடுங்கள், சிங்களம், தமிழ் இரண்டிலும் ஊருக்குள் வந்து சொல்லுங்கள், பொலிஸ் நிலையத்துக்கு வா என்று கூப்பிடாமல் கமக்காரர் அமைப்பு, கோயில், பள்ளிவாசல், விகாரை வழியாக வாங்குங்கள். கட்டுத்துவக்கை ஒப்படைக்கிறவனுக்கு யானை வேலியில் முன்னுரிமை என்று சொல்லிப் பாருங்கள், வரும்.

அந்த லைசன்ஸைக் கச்சேரிக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கடா தம்பி தேவையில்லாத வேலை, இருந்த இடத்திலேயே வை" என்றார். எழுபத்தொரு வயது, நாற்பது வருசத்துக்கு முந்தின கடதாசி, இன்னும் பயம். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. வருகிற திங்கட்கிழமை போகிறோம், அவரும் வருகிறார். பழைய பதிவுப் புத்தகம் இருந்தால் அந்த இலக்கத்துக்கு நேரே "1985இல் பறிபோனது" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.