அந்த 100 காபரேட்டர் குடுத்ததில்ல, கச்சான் காத்து குடுத்தது

அந்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, ஆள் ஆரெண்டு சொல்லத் தேவல்ல. ரெண்டு சிலிண்டர் உள்ள பழைய ஹொண்டா சீடி 125 ட்வின்ல, 26 மில்லிமீற்றர் வாய் உள்ள மிகுனி காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற சாமான்) போட்டு, மணிக்கு 85 கிலோமீற்றருக்கு மேல போகாத பைக் 100 அடிக்குதாம். நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டன், "தம்பி, கிறுகி மற்றப் பக்கமும் ஓடினீங்களா?" எண்டு. வந்த பதில் "பொறாமையில பேசாதீங்க அங்கிள்". ரெண்டு நாளா அது நெஞ்சுக்குள்ளயே கிடக்கு.

அவர் ஓடினது மட்டக்களப்புல கரடியனாத்துல இருந்து கிழக்கால செங்கலடிப் பக்கம், பகல் ரெண்டு மணிக்கு. இது கச்சான் அடிக்கிற காலம், மேற்கால இருந்து முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி காத்து. அந்த வேகத்துல எஞ்சினுக்கு இரிக்கிற பெரிய வேலையே காத்தக் கிழிக்கிறதுதான், அதுக்குத் தேவைப்படுற பவர் வேகத்தோட மும்மடிக் கணக்குல ஏறும். 85ல இருந்து 100க்குப் போகணுமெண்டா கிட்டத்தட்ட 60 வீதம் கூட பவர் வேணும். காபரேட்டர் மட்டும் மாத்தி 60 வீதமா? 10 வீதம் கூடினாலே 85 எண்டது 88 கூட வராது. உலக சாதனை வேக ஓட்டத்துக்கே ரெண்டு பக்கமும் ஓடித்தான் சராசரி எடுக்கிறாங்க, நாம எம்மாத்திரம்.

நான் சும்மா வாயால சொல்லல்ல. எனக்கிட்ட இரிக்கிறதும் அதே சீடி 125தான், அப்பாட பைக். மண்முனையில பாலம் வர முதல் அப்பா இந்த பைக்கப் பாதையில, அதாவது வாவியக் கடக்கிற மிதவையில, ஏத்தித்தான் அங்கால படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போவார். 2004 சுனாமியில கல்லடி வீட்டோட சேந்து இதையும் கடல் எடுத்துது, மூண்டாம் நாள் ஒரு வேலிக்குள்ள கண்டெடுத்தம். காபரேட்டர் உப்புத் தண்ணியில வெள்ளையாப் பூத்துப் போய்க் கிடந்துது. அப்பா அத பெற்றோல்ல ஊறப்போட்டு, பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால நாள் கணக்கா உரசி உரசி திரும்ப ஓட வச்சார். வேற ஒண்டும் மிஞ்சாத நேரம் அவர் கையில இருந்த வேல அதுதான். அந்தக் காபரேட்டரத்தான் "குப்பை, தூக்கி எறிங்க" எண்டு சொல்லுறாங்க.

சரி, எனக்கும் ஆசை வந்து நானும் 26 ஒண்டு வாங்கிப் போட்டன். காலம ஆறு மணிக்கு, காத்து எழும்ப முதல், அதே ரோட்டுல, ஒரே ஆள், ஒரே அளவு பெற்றோல், போக ரெண்டு வர ரெண்டு, கடைசிக் கியர்ல 40ல இருந்து 70க்குப் போக எத்தின செக்கன், வேகம் போன் ஜிபிஎஸ்லதான் பாத்தன், பழைய மீட்டர நம்பேலா. பழைய காபரேட்டர் கிடந்த கிடையில 17 செக்கன். 26 போட்டு 14. பாத்தீங்களா எண்டு இப்ப குதிக்கப் போறீங்க, பொறுங்க. பழசக் கழட்டி, பெற்றோல அளந்து விடுற நீடில், நீடில் ஜெட், ஃப்ளோட் வால்வ், மெனிபோல்ட் ரப்பர் எல்லாம் புதுசு போட்டு திரும்ப ஓடினன். 14 அரை. அந்த அரைச் செக்கன் நான் கையால ஸ்டொப் வாட்ச் அமத்துற பிழைக்குள்ளயே வந்திரும். பழைய நீடில் தேஞ்சு பெற்றோல் கூடப் போய்க்கொண்டிருந்திரிக்கு, அவ்வளவுதான் விசயம். நீங்க ஒப்பிட்டது பெரிய காபரேட்டரையும் சின்னக் காபரேட்டரையும் இல்ல, புதுசையும் தேஞ்சதையும். பழசக் கழுவி சரிப்படுத்திப் போட்டுத்தான் புதுசோட ஒப்பிடணும்! இதுல பொறாமை எங்க வந்துது?

அதோட 26 போட்ட பிறகு, பிள்ளையப் பின்னால ஏத்திக்கொண்டு கல்லடிப் பாலத்துல மெல்லமா ஏறக்க பைக் மூச்சு வாங்கினது. வாய் அகலமெண்டா குறைஞ்ச ஆர்பிஎம்ல காத்து வேகமா உள்ள போகாது, பெற்றோலும் சரியா இழுபடாது. அத ஒருத்தரும் வீடியோவுல காட்ட மாட்டாங்க.

"ட்ரயம்ப் பொனவில் ரெண்டு காபரேட்டரோடதானே வந்த" எண்டு ஒருத்தர் கேட்டார். ஓம், 1959ல வந்த. ஆனா அதுக்கு ரெண்டு வாய் பிரிஞ்ச சிலிண்டர் ஹெட்டும் வச்சுத்தான் செஞ்சாங்க, காபரேட்டர மட்டும் கொழுவி விடல்ல. ஹெட், கேம், சைலன்சர் எல்லாம் சேத்து வேல செய்யிறவங்களோட எனக்கு ஒரு சண்டையுமில்ல, அது வேற கத.

எனக்குக் கோவம் வந்தது 100க்காக மட்டும் இல்ல. எங்கட பக்கத்துப் பொடியன் ஒருத்தன், கூலி வேல செஞ்சு சேத்த காசுல, அந்த வீடியோவப் பாத்திட்டு அதே மாதிரி வாங்கிப் போட்டவன். எயார் ஃபில்டரையும் கழட்டி, பெற்றோல் வாற ஜெட்ட மாத்தாம ஓடியிரிக்கான். பிளக் வெள்ளையா இருந்துதாம், கேட்டதுக்கு "நல்லாக் கிளீனா எரியுது" எண்டு பதில் சொல்லியிரிக்காங்க. ஐயோ, பிளக் வெளிர் மண்ணிறத்துல இரிக்கணும், வெள்ளையெண்டா பெற்றோல் காணாம எஞ்சின் சுடுது! ரெண்டு கிழமையில ஒரு பக்கத்துப் பிஸ்டன் ஓட்ட. அந்தப் பைக்லதான் அவன் தாய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறவன். அந்தப் பிஸ்டனக் கையில வச்சுக்கொண்டு எங்கட வாசல்ல நிண்டான், எனக்கு ஒரு வார்த்த வரல்ல.

வாற ஞாயிறு காலம ஆறு மணிக்கு கரடியனாறு ரோட்டுல நான் நிப்பன். அந்தத் தம்பியும் வரட்டும், கழட்டின பழைய காபரேட்டரையும் கொண்டு வரட்டும். நீடில், ஜெட் எல்லாம் வாற கிட் காசு நான் தாறன், கழுவிப் பூட்டியும் தாறன். ரெண்டு பக்கமும் ஓடுவம்.