கட்டி முடித்த தார்சாவுக்கு அனுமதி: முதலில் டேப், அப்புறம் விண்ணப்பம்

"முன்னால தார்சா இழுத்துக் கெட்டியாச்சு, மேல ஷீட்டும் போட்டாச்சு. இப்ப பேங்க்ல பிளான்ல இது இல்லையேங்காங்க. என்ன செய்ய?" தார்சா என்றால் வீட்டு முன்வராந்தா. திருநெல்வேலியில் பெருமாள்புரத்திலிருந்து பேட்டை வரைக்கும் இந்தக் கேள்விதான். வீட்டை விற்கும்போது, லோன் வாங்கும்போது, இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் போன் போட்ட பிறகு, இந்த மூன்று நேரத்தில்தான் அனுமதி என்ற ஒன்று நமக்கு ஞாபகம் வருகிறது. கொத்தனாரைக் கேட்டால் "மொதல்ல கெட்டுங்க அண்ணாச்சி, பொறவு பாத்துக்கிடலாம்" என்பார். பிறகு பார்க்க வேண்டியவர் அவர் இல்லை என்பதுதான் சிக்கல்.

கட்டிய பிறகு வாங்கும் அனுமதியைப் பலர் மன்னிப்பு மாதிரி நினைக்கிறார்கள். ஃபைன் கட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. 2007 ஜூலைக்குப் பிறகு கட்டியதற்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. கட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் எந்தப் பகுதிக்கு அனுமதி கிடைத்திருக்குமோ, அந்தப் பகுதிக்குத்தான் இப்போதும் கிடைக்கும். மீதிக்கு எத்தனை ஆயிரம் கட்டினாலும் கிடைக்காது. அதனால் விண்ணப்பத்துக்கு முந்தின வேலை அளக்கிறது. எது தேறும், எது தேறாது என்று தெரிந்துகொண்டு, தேறாததை நாமே எடுத்துவிட்டு, பிறகுதான் பணம் கட்ட வேண்டும். இதை வரிசை மாற்றிச் செய்கிறவர்கள்தான் மாசக்கணக்கில் அலைகிறார்கள்.

"இது கட்டடமே இல்லை சார், போல்ட் போட்டது, எப்ப வேணும்னாலும் கழட்டிரலாம்" என்று டெக் என்ற பலகை மேடை போடுகிறவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஜிஐ பைப் ஃப்ரேம், அதன்மேல் மரப்பலகை அல்லது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, மேலே ரூஃபிங் ஷீட் என்று இப்போது நிறைய வருகிறது. எந்தப் பொருளில் கட்டினாலும் கட்டடம்தான். செங்கல், மரம், மண், உலோகம் என்ற பேதம் சட்டத்தில் இல்லை. தரையோடு தரையாகக் கல் பாவினால் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டரை அடி மேடை எழுப்பி, தூண் நட்டு, கூரை போட்டால் அது முகப்பு நீட்டிப்பு. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அந்தத் தூண்தான்.

அளப்பது எப்படி? காம்பவுண்ட் சுவரிலிருந்து டேப் பிடிக்கிறதுதான் முதல் தப்பு. சுவர் எல்லையில்தான் நிற்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? பத்திரத்தில் உள்ள நாலு பக்க அளவு, புலப்பட நகல் (சர்வே எண்ணின் எல்லை அளவு காட்டும் வரைபடம்), மாநகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், மூன்றையும் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லிலிருந்து அளக்க வேண்டும். முன்பக்கத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடக்கூடாது. இடது மூலை, நடு, வலது மூலை என்று மூன்று இடத்தில் அளக்கணும். நம்ம பக்கத்து மனைகள் பெரும்பாலும் சதுரம் கிடையாது, ஒரு மூலை இழுத்துக்கொண்டு நிற்கும். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் எடுத்தால் எவ்வளவு கோணல் என்று தெரிந்துவிடும். முன்பக்க அளவு மூன்றில் எது குறைவோ அதைத்தான் அதிகாரி எடுப்பார். மீட்டரிலேயே எழுதுங்கள். ஒரு மீட்டர் 3.28 அடி, "ஏறக்குறைய அஞ்சு அடி" என்ற கணக்கு வரைபடத்தில் செல்லாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30க்கு 60 அடி மனை, முன்னால் 23 அடித் தெரு. அனுமதி வாங்கிய பிளானில் முன்பக்கம் 10 அடி காலி காட்டியிருக்கிறது. அதில் 8 அடிக்குத் தார்சாவை இழுத்தாயிற்று, மிச்சம் 2 அடி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 9 மீட்டருக்கு உட்பட்ட தெருவில் இந்த மாதிரி வீட்டுக்கு முன்பக்கம் விட வேண்டியது 1.5 மீட்டர், ஏறத்தாழ 5 அடி. ஆக, 8 அடியில் வீட்டை ஒட்டிய 5 அடி தேறும். தெருப்பக்கம் உள்ள 3 அடி தேறாது. தூண் இரண்டும் அந்த 3 அடிக்குள்தான் நிற்கும், அது வேறு விஷயம். மனைப்பிரிவு வரைபடத்திலேயே கட்டடக் கோடு தனியாகக் குறித்திருந்தால் அந்த அளவுதான் முதலில் பேசும், அதையும் பார்த்துவிடுங்கள். தளப்பரப்புக் குறியீடு (மொத்தத் தளப்பரப்பை மனைப்பரப்பால் வகுத்த எண்) பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 2 வரைக்கும் இடம் இருப்பதால் சாதாரண வீட்டில் ஒரு தார்சாவால் அது தாண்டாது. மாட்டிக்கொள்வது எப்போதும் காலி இடத்தில்தான்.

டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள், ஒரே வளாகத்துக்குள் பல குடித்தனம் இருக்கும் வளவு வீடுகள் கதை வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்திருந்தால் பக்கவாட்டுக் காலி இடம் கேட்க மாட்டார்கள். அறிவித்த தெருவா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேச வேண்டும், பக்கத்து வீடு ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது.

காலி இடத்துக்குள் எதுவுமே கூடாது என்றும் இல்லை. மூடாத ஒற்றைப் படிக்கட்டு, சுருள் படி போன்றவை பக்கத்து எல்லையிலிருந்து அரை மீட்டரும், முன் பின் எல்லையிலிருந்து ஒரு மீட்டரும் தள்ளியிருந்தால் சரி. காம்பவுண்ட் சுவர் 2 மீட்டர் உயரம் வரை. மோட்டார் அறை 2 சதுர மீட்டர், உயரம் 1.8 மீட்டர். படிக்கட்டுக்கு அடியில் சுவர் வைத்துக் குளியலறை ஆக்கினீர்களோ, அந்த நிமிஷமே சலுகை போச்சு. இது ரொம்ப வீடுகளில் உண்டு.

அடுத்து, நம் இடத்தையே தாண்டியவை. வாறுகால் (தெருச் சாக்கடை) மேல் சிலாப் போட்டு, அதற்கு மேல் ரெண்டு படி, கார் ஏற ஒரு சரிவு. இதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்கப் போகாதீர்கள். கேட்பதே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். எடுத்துவிட்டு, வாறுகாலைத் திறந்து சுத்தம் பண்ண முடிகிற மாதிரி கழற்றும் மூடி போடுவதுதான் வழி. பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கொடகன் கால்வாய் ஓரத்து வீடுகளில் பின்பக்க மேடை கால்வாய்ப் புறம்போக்கில் ஒரு அடி இறங்கியிருந்தாலும் நீர்நிலை ஆக்கிரமிப்புதான். அதற்கு வரன்முறை, அதாவது அனுமதியில்லாததைப் பிறகு முறைப்படுத்துவது, என்ற வாசலே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் கால்வாய்க் கரையில் மேடை எழுப்புகிறவர்களிடம் சட்டம் பேசி என்ன ஆகப்போகிறது.

மேடைக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். முன்பக்கம் காலியாக இருந்த இடத்தில்தான் செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். மேடை எழுப்பும்போது மூடியை உள்ளே விட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் லாரி வந்தால் குழாய் விட இடம் இருக்காது, டைல்ஸை உடைக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். வரைபடத்தில் குழி காட்டி, நேரில் பார்த்தால் மேடை என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். குழியை வேறு மூலைக்கு மாற்றிவிட்டே விண்ணப்பியுங்கள்.

கரண்ட் கம்பியும் அப்படித்தான். தெருவில் ஓடும் சாதாரண லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் மேலாக 2.5 மீட்டரும், 11,000 வோல்ட் லைன் என்றால் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் மேலாக 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும். தகர ஷீட் நுனி இந்த அளவுக்குள் போனால் அனுமதியை விடுங்கள், உயிர் தங்குமா என்று யோசியுங்கள்.

திட்டங்களைக் குழப்பிக்கொள்வதால் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 113-சி என்பது 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு. 2020-இல் போட்ட ஷீட்டுக்கு அது பொருந்தாது. பழைய வீடு என்று சொல்லிப் புதுத் தார்சாவை உள்ளே நுழைக்கப் பார்த்தால் பழைய செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டிவிடுவார்கள். 2016 அக்டோபர் 20 என்ற தேதி அனுமதியில்லா மனைகளை வரன்முறை செய்வதற்கானது. மனை வரன்முறை ஆணை கையில் இருந்தால் கட்டடமும் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அந்த ஆணை இல்லாமல் கட்டட விண்ணப்பம் நகராது. மூன்றாவது, 2024-இல் வந்த சுயசான்று, விதிப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரரே உறுதி கொடுத்து வாங்கும் அனுமதி. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். உடனே அனுமதி வருகிறது என்பதால், கட்டி முடித்ததையே இனிமேல் கட்டப்போவதாக வரைந்து ஏற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். என் கருத்தில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. கையெழுத்து உங்களுடையது, உறுதிமொழி உங்களுடையது. பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்து, கூடவே முன்னால் ஒழுங்காக இருந்த வீட்டுக்கும் சந்தேகம்.

சரி, நேர் வழி என்ன? முதலில் பழைய பிளானைத் தேடி எடுங்கள். 1994-இல் மாநகராட்சி ஆவதற்கு முன்னால் என்றால் பாளையங்கோட்டை நகராட்சி, மேலப்பாளையம் நகராட்சி என்று தனித்தனியாக அனுமதி கொடுத்திருப்பார்கள். அனுமதி எண்ணும் வருஷமும் இருந்தால் அந்தந்த மண்டல அலுவலகத்தில் நகல் கேட்கலாம். ஊராட்சிப் பகுதியில் தலைவர் சீல் மட்டும் இருக்கும் பிளான் என்றால், அது யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட அனுமதி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை வைத்து, நிற்கிறது நிற்கிறபடி முழு வீட்டையும் வரைய வேண்டும். அறுபது சதுர அடித் தார்சாவுக்கு வீடு முழுவதும் ஏன் என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான், சின்னச் சேர்க்கைக்கு ஒரு எளிய படிவம் அரசு கொடுத்தால் பாதிப் பேர் ஒளிக்கவே மாட்டார்கள். ஆனால் இன்றைக்கு நடைமுறை இதுதான். வரைபடத்தில் இடிக்கப்போவது மஞ்சள், புதிதாகச் செய்வது சிவப்பு, ஏற்கனவே அனுமதி பெற்றதைத் தனியாகக் காட்ட வேண்டும். கூடவே பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மனை ஆணை, தீர்வை (வீட்டு வரி) ரசீது. பத்திரத்தில் 4 சென்ட், பட்டாவில் 3.8 சென்ட் என்று இருந்தால் கணக்குக் குறைந்த அளவில்தான் ஓடும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அந்த 0.2 சென்டே 87 சதுர அடி.

தீர்வை பற்றி ஒரு வார்த்தை. "தார்சாவுக்கும் சேர்த்துத்தானே தீர்வை போட்டான், அப்ப அனுமதின்னுதானே அர்த்தம்?" இல்லை. வரி போட்டது வரிக்காக மட்டும். அனுமதிக்கு அது சாட்சி ஆகாது.

தேறாத 3 அடியை வெட்டுவதில்தான் உண்மையான ஆபத்து. ஷீட் என்றால் போல்ட்டைக் கழற்றித் தூணைப் பின்னால் நட்டுவிடலாம், ஒரு நாள் வேலை. கான்கிரீட் சிலாப் என்றால் அதன் பாரம் முன் தூணில் உட்கார்ந்திருக்கும். புதுத் தூணையும் பீமையும் பின்னால் தள்ளிப் போட்டு, கான்கிரீட் இறுகும் வரைக்கும் சிலாப்புக்கு அடியில் முட்டுக்கொடுத்து, அதற்கப்புறம்தான் நுனியை அறுக்க வேண்டும். சம்மட்டியால் அடிக்கக் கூடாது, அதிர்வில் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். கட்டர் வைத்து அறுங்கள். அறுத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சிமெண்ட் பூசி மூடாமல் விட்டால் ரெண்டு மழையில் துரு உள்ளே ஏறும். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் டேப் தெரிகிற மாதிரி படம் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள்.

நோட்டீஸ் ஏற்கனவே வந்துவிட்டது என்றால் உறையை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு நோட்டீஸில், அதாவது கட்டியதை அகற்றச் சொல்வதில், ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள், கட்டியதை வைத்துக்கொள்ள 49-ஆம் பிரிவின் கீழ் அனுமதி கேட்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. 57-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்திருந்தால் வேலையை அன்றைக்கே நிறுத்தியாக வேண்டும், "பூச்சு மட்டும்தான்" என்ற பேச்சே கூடாது. அரசிடம் மேலே போக அதே சட்டத்தில் 80-ஏ பிரிவு இருக்கிறது. எதற்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிப் பார்ப்பதும் வீண் இல்லை. பெரும்பாலும் அவர் கோபம் காலி இட அளவு பற்றியது கிடையாது. ஐப்பசி மழையில் நம் ஷீட் தண்ணீர் அவர் சுவரில் கொட்டுகிறது, அதுதான். ஷீட்டின் சரிவை நம் பக்கம் திருப்பி, ஓரத்தில் தண்ணீர்த் தகரம் வைத்து, குழாயை நேரே மழைநீர்க் குழிக்கு இறக்கிவிடுங்கள். இதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே செய்துவிட்டால், ஆய்வுக்கு வரும் அன்றைக்கு அவர் வாசலில் வந்து நிற்க மாட்டார்.