"மண்டரின் தெரிந்திருக்க வேண்டும்": எந்த கவுண்டருக்கு, ஐயா?

தீபாவளிக் கோலம் அழிவதற்குள் மலேசியாவின் பினாங்குப் பேரங்காடிகளில் அடுத்த வேலை அறிவிப்பை ஒட்டிவிடுவார்கள். கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, அப்புறம் நோன்புப் பெருநாள். கேஷியர், புரோமோட்டர், பேக்கிங், ஸ்டோர். எல்லாவற்றுக்கும் சேர்த்து அடியில் ஒரே வரி: மண்டரின் (பொதுச் சீன மொழி) பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

மொழி கேட்பது தப்பில்லை. சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணியிடம் 300 வெள்ளி (ரிங்கிட்) முகக் கிரீமை விளக்கி விற்க வேண்டுமென்றால் மண்டரின் வேண்டும்தான். லெபோ பாசார் துணிக்கடையில் சேலை விற்கத் தமிழ் வேண்டும், அதே கணக்கு. ஆனால் பின்கட்டில் பெட்டி இறக்குகிறவருக்கு எதற்கு? வேலைக்கு வேலை பிரித்துக் கேட்டால் அது மொழித் தகுதி. ஒட்டுமொத்தமாகக் கேட்டால் அது இனத்தைச் சொல்லாமல் சொல்லும் வழி. என் கட்சி இதுதான்.

ஹேம்பர், அதாவது பெருநாள் பரிசுக்கூடை, கட்டும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடையின் அடியில் அட்டையையோ ஃபோமையோ இறுக்கி அடைத்து மட்டத்தை உயர்த்த வேண்டும். உயரமான போத்தலும் பெட்டியும் பின்வரிசை, டின்கள் முன்வரிசை. ஒன்றோடொன்று டேப் போட்டு அசையாமல் ஒட்டிய பிறகுதான் செலோபேன் தாளை அடியிலிருந்து மேலே கூட்டி ரிப்பன் கட்டுவது. அடியில் அடைப்பு தளர்ந்தால் லோரியில் போகும்போதே போத்தல் சாய்ந்து தாளைக் கிழிக்கும். காலாவதித் தேதி பார்க்காமல் அடுக்கினால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். மது வைக்கும் ஹேம்பருக்குத் தனி மேசை, ஹலால் ஹேம்பருக்குத் தனி மேசை. முஸ்லிம் அல்லாத நம் பிள்ளையை இரண்டிலும் நிறுத்தலாம். கை சுத்தமும் கவனமும் கேட்கிற வேலை. செலோபேன் தாள் எந்த மொழியும் கேட்பதில்லை.

இதில் பினாங்குக்கே உரிய கூத்து ஒன்று உண்டு. இங்கே தெருவில் புழங்குவது ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழி. சந்தையில் காய் வாங்கும் சீனப் பாட்டி பேசுவதும் அதுதான். அந்த ஹொக்கியனைச் சரளமாகப் பேசுகிற தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் தீவில் எத்தனையோ பேர். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. சீனப் பள்ளியில் படித்து மண்டரின் எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள்) என்று பார்த்ததும் மொழி வரிவரை கண் போகுமா என்பது வேறு கேள்வி.

பெயரைப் பார்த்தே ஒதுக்குவது வெறும் கற்பனை என்று சொல்பவர்களுக்கு: லீ ஹுவொக் ஆன், முகமது அப்துல் காலிட் இருவரும் செய்து 2016ல் வெளியான ஆய்வில், கற்பனை விண்ணப்பங்களை நிஜ வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு அழைப்பு, மலாய்ப் பெயர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு. அது தனியார் துறையில் பட்டதாரிகளுக்கான பொறியியல், கணக்கியல் வேலை. கடை வேலை இல்லை. இந்தியப் பெயர்களைச் சோதிக்கவே இல்லை. கணக்கெடுப்பிலும் நாம் விடுபட்டுப் போகிறோம், பாருங்கள்.

சட்டம்? அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு அரசாங்க வேலைக்குக் காவல். தனியார் முதலாளியை அது கட்டாது என்று, விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 2005லேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69F என்ற பிரிவு இருக்கிறது. பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் இன்னும் தொழிலாளியே ஆகவில்லையே! ஓட்டை அங்கேதான்.

நியாயம் பேசினால் மேனேஜர்களுக்குக் கொட்டாவி வரும். ரோஸ்டர், அதாவது வேலை நேர அட்டவணை, பேசுவோம். 2026ல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, நோன்புப் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரம். இடையில் ஒரு மாதம்தான். ஒரே இனமாக ஆள் எடுத்த கடையில், அந்த இனத்தின் பெருநாளுக்கு முதல் நாள் மாலையே கவுண்டர் காலி. அப்போது ஏஜென்சிக்காரரைப் பிடித்து இரட்டைக் காசு கொடுத்து ஆள் கேட்பார்கள். புது கேஷியருக்கு வோய்ட் (தப்பாகத் தட்டியதை நீக்குவது), ரீஃபண்ட், கியூஆர் கட்டணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது, இரவில் கல்லா எண்ணி ஒப்படைப்பது எல்லாம் கைவர நாலைந்து நாள் ஆகும். ஒவ்வொரு பெருநாளுக்கும் புது ஆள் என்றால் மூன்று முறை அந்தப் பாடம். கலந்த அணி ஒன்றை டிசம்பரில் எடுத்து மார்ச் வரை வைத்துக்கொண்டால் ஒருவர் பெருநாளை மற்றவர் தாங்குவார்.

நம் கடைகளையும் விட்டுவைக்க முடியாது. தீபாவளி நேரத்தில் "தெரிந்தவர் பிள்ளை" என்று எடுத்து, நடுராத்திரி வரை நிறுத்தி, கையில் காசைத் திணித்து அனுப்புகிற முதலாளிகள் உண்டு. சம்பளச் சீட்டு கிடையாது, இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) கிடையாது, சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. எட்டு மணி நேரத்துக்கு 69 வெள்ளி 76 காசு. "நாளைக்கு 50" என்பது நம்மவர் வாயிலிருந்து வந்தாலும் சட்டத்துக்குக் குறைவுதான்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதி முடித்த பிள்ளைக்கு 17 வயது என்றால் இன்னொன்று. 18க்குக் கீழே உள்ளவரைக் கடையில் இரவு 8க்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. பத்து மணிக்குக் கடை அடைக்கும் பேரங்காடிகளில் இது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நாலு வார வேலை அதற்குச் சற்றே கீழே நழுவிவிடுகிறது. அதனால் தம்பி தங்கைகளே, ரெஸ்யூமேயில் தெரிந்த மொழிகளை முதல் வரியில் போடுங்கள், ஹொக்கியன் உட்பட. போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: எந்த கவுண்டர், எந்த நேரம், மணிக்கு எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதி. மண்டரின் இல்லை என்று மறுத்தால், அந்த வேலையில் அது எதற்கு வேண்டும் என்றும் மரியாதையாகக் கேட்டு வையுங்கள். வரும் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் உங்கள் கேள்வியைத் தேதியோடு எடுத்து வையுங்கள்.