கொலையாளி யார் என்பதல்ல அங்கே புதிர்

ஐசக் அசிமோவின் ‘தி சிங்கிங் பெல்’ (1955) கதையில் கொலையாளி யாரென்று கடைசியில்தான் தெரியும், அதையும் மனதைத் துருவும் கருவியே சொல்லிவிடும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. லூயிஸ் பேட்டன் நிலாவில் கூட்டாளியைக் கொல்வது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்தக் கருவியை ஒருவர்மீது வாழ்நாளில் ஒரே முறைதான் பயன்படுத்தலாம் என்பது அங்கே சட்டம். அதனால், அவன் நிலாவுக்குப் போனான் என்பதற்கு முதலில் ஆதாரம் வேண்டும். கதையின் உயிரே அந்தச் சிக்கலில்தான் இருக்கிறது. அதை அவிழ்ப்பவர் பயணம் என்றாலே ஒதுங்கும் வேற்றுலக ஆய்வாளர் வெண்டல் அர்த். பேட்டனின் கையிலிருக்கும் பாடும் மணியை (நிலாவில் கிடைக்கும், தட்டினால் இசைக்கும் கல்) தன்னிடம் தூக்கிப் போடச் சொல்கிறார், அவ்வளவுதான்! நிலாவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். மீதியைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.