எல்எஸ்யூ 4.2, 4.9 இரண்டும் ஒன்றல்ல
பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.2, 4.9 இரண்டும் வண்டிப் புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் சென்சார்கள். “பாஷ் எல்எஸ்யூ 4.2-க்குப் பதில் 4.9 வாங்கி கனெக்டரை மட்டும் மாற்றினால் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சென்சாரை இயக்கும் கன்ட்ரோலர், சென்சார் செல்லின் (ஆக்சிஜனை உணரும் பகுதியின்) உள்மின்தடையை அளந்துதான் அதைச் சூடாக்கும் ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிறது. சரியான சூட்டில் இருக்க வேண்டிய மின்தடை 4.2-க்கு 80 ஓம், 4.9-க்கு 300 ஓம். சூடு ஏற ஏற மின்தடை குறையும். ஆக, 4.2-க்கான கன்ட்ரோலர் 80 ஓம் வரும்வரை 4.9-ஐக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். சென்சார் கெடும், அளவும் தப்பும். அந்தத் தப்பான லாம்ப்டாவை (காற்று-பெட்ரோல் கலவை அளவை) நம்பி முழு த்ராட்டிலில் பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

கனெக்டரை வெட்டுவதும் தவறு. ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாகச் சரிசெய்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. முதலில் உங்கள் கன்ட்ரோலர் எந்த சென்சாரை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். புதிதாக வாங்குவதென்றால் 4.9-ம் அதற்கேற்ற கன்ட்ரோலரும் சேர்த்தே வாங்குங்கள்.