திபோநெகோரோவின் கிரிஸ் தொலைந்துபோகவில்லை

ஜாவா இளவரசர் திபோநெகோரோவின் கிரிஸ் குத்துவாள் இன்னும் நெதர்லாந்தில் காணாமற்போன நிலையிலேயே இருக்கிறது என்று ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. ஒருகாலத்தில் இது உண்மையாக இருந்தது. அதனால்தான் பலரும் நம்புகிறார்கள்.

1825 முதல் 1830 வரை டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டவர் திபோநெகோரோ. 1830 மார்ச் 28 அன்று, மகெலாங்கில் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் கைது செய்யப்பட்டார். 'கியாய் நாகா சிலுமான்' என்று பெயர் பெற்ற அவரது கிரிஸ், டச்சு கர்னல் கிளீரன்ஸ் வழியாக 1831இல் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லெமிடம் போய்ச் சேர்ந்தது. அரச அபூர்வப் பொருள் காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அந்தக் காட்சியகம் 1883இல் மூடப்பட்டு, பொருள்கள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. எந்த கிரிஸ் யாருடையது என்ற விவரம் பொருளைவிட்டுப் பிரிந்துவிட்டது. ஒரு வரலாறு தொலைய இதுவே போதும்!

நெதர்லாந்தின் லெய்டன் நகர இனவியல் அருங்காட்சியகத்தில் நடந்த நீண்ட ஆய்வு அதை மீட்டது. திபோநெகோரோவின் படைத்தளபதி செந்தோத் எழுதிய சாட்சியமும், அதனுடன் ஓவியர் ராதென் சாலே எழுதிவைத்த குறிப்புகளும் கைகொடுத்தன. இந்தோனேசிய வல்லுநர்களும் சரிபார்த்தார்கள். 2020 மார்ச்சில் கிரிஸ் இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

அவரது ஈட்டியும் குதிரைச் சேணமும் 1978இலேயே திரும்பிவிட்டன. அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.