மாட்டுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துவர ஃபைல் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஒரு ராத்திரி வீடியோ காலில் கேட்டாள்: "ஏன்டா தம்பி, திரும்பி வந்துடுவேன்னு அவங்களுக்கு நான் எழுதிக் குடுக்கணுமாமே? நான் அங்கயே ஒக்காந்துட்டா இந்த மாட்ட எவன் கறப்பான்?"

2025 தொடக்கத்தில் நடந்தது. மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. பிரசவம் பார்க்க அம்மா வரவேண்டும். ஊர் மன்னார்குடிப் பக்கம். வீட்டில் ஒரு கறவை மாடு, கொல்லையில் நாலு தென்னை, அப்பா போனபிறகு வரும் குடும்ப பென்ஷன். அவ்வளவுதான் அவள் சொத்து.

ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். "நீ ஏன் வருகிறாய்" என்பது அங்கே இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "நீ ஏன் திரும்பிப் போவாய்?" கடந்த சில மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, லீவு கடிதம், வீட்டுப் பத்திரம், வரி ரசீது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. அம்மாவிடம் சம்பளச் சீட்டு கிடையாது. பதில் இருந்தது, ஆனால் அது கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் எல்லைகளே கூடாது என்று பேசுகிற ஆள் இல்லை. யார் வருகிறார்கள், எத்தனை நாள் இருப்பார்கள், செலவுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. விதிகளும் ரகசியமானவை அல்ல. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லவேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் தாமதம். கட்டணம் 2024 ஜூன் 11லிருந்து 90 யூரோ, அதற்கு முன் 80. விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வராது. மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. இதையெல்லாம் படித்துப் பார்த்து ஒரு பத்தாம் வகுப்புப் பையனே செய்துவிடலாம்.

படித்துப் புரிந்துகொள்ள முடியாதது ஒன்று உண்டு. நம் பெயர். அம்மா பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர். சர்நேம் கட்டம் வெறுமை. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது. என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் நிற்கிறது, அது அவள் அப்பாவுடையது. பென்ஷன் புத்தகத்தில் வேறொரு இனிஷியல், அது என் அப்பாவுடையது. அம்மாவுக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். இந்த மூன்று பேரும் ஒருத்திதான், அவள் வயிற்றில் பிறந்தவன் நான்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து ஒரு காகிதம் வாங்கினோம். "ஊருக்கே தெரியுமேடா" என்றாள்.

ஜெர்மனியில் இன்னொரு காகிதம் உண்டு, 'ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்லேருங்'. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டும். விருந்தாளியின் தங்கும் செலவு, மருத்துவச் செலவு, திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று இங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போடுவது. கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் காட்டவேண்டும். அசல் காகிதத்தை கூரியரில் ஊருக்கு அனுப்பவேண்டும், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவேண்டும். இதில் எனக்குப் புகார் இல்லை. பெற்ற தாய்க்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது முதலில் கொஞ்சம் உறுத்தியது, உண்மை. ஆனால் அந்த ஒரு தாள்தான் அவளுடைய மெலிந்த பேங்க் புத்தகத்துக்கு முட்டுக் கொடுத்தது.

சென்னை விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுக்கும்போது கருவி அவள் விரலைப் படிக்கவில்லை. அறுபது வருஷம் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். அங்கிருந்த பெண் பொறுமையாக ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஐந்தாம் முறை எடுத்தாராம். நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும். ஒருமுறை எடுத்த ரேகை 59 மாதம் செல்லும் என்பது மட்டும் ஆறுதல்.

விசா வந்தது, 85 நாளுக்கு.

வேறொரு ஷெங்கன் நாட்டில் இருக்கும் என் நண்பனின் அம்மாவுக்கு வரவில்லை. எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். கிட்டத்தட்ட இதே கதைதான். கணவர் இல்லை, ஊரில் நிலம் உண்டு, ஆனால் பட்டா இன்னும் மாமனார் பெயரில். நம்மில் எத்தனை வீட்டில் பட்டா மாற்றியிருக்கிறோம், சொல்லுங்கள். மறுப்புக் கடிதம் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு படிவம். காரணங்கள் முன்கூட்டியே அச்சடித்திருக்கும், அதில் ஒன்றில் டிக் போடுவார்கள். அவருக்கு விழுந்த டிக், விசா முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற கட்டத்தில். எழுபது வயதில், ஒரு வார்த்தை அந்த ஊர் மொழி தெரியாமல், மைனஸ் டிகிரி குளிரில், ரேஷன் கார்டை விட்டுவிட்டு அவர் எங்கே ஓடி ஒளிவார் என்று நண்பன் கேட்டான். கேட்டது என்னிடம். கடிதம் எழுதியவரிடம் அப்படிக் கேட்க முடியாது.

2024இல் மட்டும் இந்தியாவிலிருந்து பதினோரு லட்சத்துக்கு மேல் ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 15 சதவீதம் நிராகரிப்பு. அதாவது ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். அத்தனை பேரும் ஏமாற்ற நினைத்தவர்களா? சிலர் இருப்பார்கள். போலி ஸ்டேட்மென்ட் அச்சடித்துத் தருகிற ஏஜென்ட்டுகளை நமக்கே தெரியும். விசா கேட்பதற்கு ஒரு வாரம் முன்னால் திடீரென்று கணக்கில் ஐந்து லட்சம் குதிப்பதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். (தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடன் வாங்கிப் போட்ட பணம் காகிதத்தில் அப்படியே தெரியும். டிக்கெட்டையும் முன்னாலேயே காசு கொடுத்து வாங்காதீர்கள், முன்பதிவு காட்டினால் போதும்.) ஆனால் மீதிப் பேர், ஊரோடு காகிதத்தால் கட்டப்படாதவர்கள். மாடு, பேரன் பள்ளிக்கூடம், பங்குனியில் கோயில் திருவிழா, படுத்த படுக்கையாய் ஒரு அக்கா. இதற்கெல்லாம் சான்றிதழ் எந்தத் தாலுகா ஆபீஸில் தருவார்கள்?

ஜெர்மனியில் முன்பு மறுப்பு வந்தால் கட்டணமில்லாமல் தூதரகத்துக்கே ஒரு முறையீடு எழுதலாம். மறுபடி ஒருவர் ஃபைலைத் திறந்து பார்ப்பார். 2025 ஜூலை 1இலிருந்து அதை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டே வழி. புதிதாகப் பணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கவேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். அலுவலர்களின் நேரம் மிச்சமாகிறது என்பது அரசின் வாதம். இருக்கலாம். பேத்தியைப் பார்க்க பெர்லினில் வக்கீல் வைக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. டிக் போட்ட கையையே இன்னொரு முறை பார்க்கச் சொல்வதற்கு ஒரு வழி இருந்தது, அதையும் அடைத்தாயிற்று.

இவ்வளவுக்கும் காரணமான ஷெங்கன் என்பது, லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன கிராமத்தின் பெயர். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. தங்களுக்குள் இருந்த சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். இன்று 29 நாடுகள். உள்ளே சுவர் இறங்க இறங்க வெளிச்சுவர் உயர்ந்தது. வெளிச்சுவரில் யாருக்கு எந்த வாசல் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது.

அந்தப் பட்டியலை நான் எங்கள் வீட்டு ஹாலிலேயே பார்த்தேன். குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று வந்தவர்களில் என் பெரிய தாத்தா வழிப் பேரன் ஒருவர், ஈப்போவில் இருப்பவர். அவர் தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அதனால் பேரனிடம் மலேசியப் பாஸ்போர்ட். டிக்கெட் போட்டார், வந்தார். விசா கிடையாது. அம்மாவின் தாத்தா அதே கப்பலில் ஏறவில்லை, அதனால் அம்மா மூணு காகிதத்தில் மூணு பெண்ணாக நின்றாள். அன்றைக்கு வந்திருந்த பக்கத்துத் தெரு அக்கா யாழ்ப்பாணம். 1980களில் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்துசேர்ந்த தலைமுறையின் பிள்ளை. அவர் சித்தி இலங்கைப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால், ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும். வெளியே வராமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க விசா! கனடா, அமெரிக்கா போன்ற சில நாட்டு விசா கையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. "நாங்கள் கதிரையில இருந்தாலும் அவையளுக்குப் பயம்" என்று அந்த அக்கா சிரித்தார். ஒரே மொழி, ஒரே கேசரி, மூன்று வாசல்.

ஈப்போக்காரருக்கும் இனி முழுச் சுதந்திரம் இல்லை என்பது வேறு விஷயம். விசா வேண்டாதவர்களும் பயணத்துக்கு முன் இணையத்தில் அனுமதி வாங்கவேண்டும் என்று 'எட்டியாஸ்' என ஒன்று வருகிறது. கட்டணம் 20 யூரோ. 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

விசா கிடைத்தவர்கள் செய்கிற ஒரு தவறைச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டிக்கரில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை' என்று ஒரு வரி, எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஒரு கட்டம். இரண்டும் ஒன்றல்ல. பயணத் தேதி முன்பின் ஆகலாம் என்று தேதி வரம்பில் பொதுவாக 15 நாள் கூடுதலாகத் தருவார்கள். அது தங்குவதற்கு இல்லை. கட்டத்தில் 30 என்று இருந்தால் முப்பதே நாள், இறங்கிய நாளும் கிளம்புகிற நாளும் சேர்த்து. மல்ட்டிபிள் என்ட்ரி, அதாவது பலமுறை போய்வர அனுமதி, இருந்தாலும் எந்த 180 நாளை எடுத்தாலும் தங்கிய நாள் 90ஐத் தாண்டக்கூடாது. முன்பு அலுவலர் ஸ்டாம்புகளை விரல் விட்டு எண்ணுவார், அம்மாவுக்கு ஸ்டாம்ப்தான் குத்தினார்கள். 2025 அக்டோபர் 12இலிருந்து எல்லையில் முகத்தைப் படமெடுத்துக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் அது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

என்னைப் பொறுத்தவரை இந்த முறையில் உருப்படியான மாற்றம் என்றால் 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காகக் கொண்டுவந்த ஒன்றுதான். மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய்வந்திருந்தால் இரண்டு வருஷ விசா, அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஐந்து வருஷம். ஆளை ஊகத்தில் எடைபோடாமல், நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துக் கொடுப்பது. ஆனால் முதல் கதவு திறந்தால்தானே ஒழுங்காகப் போய்வந்து காட்டமுடியும்? பிள்ளை அங்கே சட்டப்படி வேலை செய்து வரி கட்டி, அம்மாவுக்கு ஜாமீனும் எழுதிக் கொடுக்கிறான் என்றால், அந்த முதல் தடவைக்கு அது போதவேண்டும். இதுதான் என் கட்சி.

அம்மா 84ஆம் நாள் கிளம்பினாள். பத்தியம் போட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பால்கனியில் வசம்பு காயவைத்து, எல்லாம் முடித்துவிட்டு, கடைசி மூன்று வாரம் மாடு சினையாக இருக்கிறதே என்ற பேச்சுதான். இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்றேன். "அந்த ஒரு நாளையும் அவங்களுக்கே குடுத்துடு" என்றாள்.

இப்போது நாங்கள் ஊருக்குப் போகிறோம். மகள் இங்கே பிறந்தவள், ஜெர்மன் பாஸ்போர்ட். அவளுக்கு இந்திய இ-விசா வேண்டும். நேற்று ராத்திரி உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். உடலில் அடையாளக் குறி என்ன என்று கேட்கிறது. படிப்பு என்ன என்று கேட்கிறது, இன்னும் நாலு பல் முளைக்காதவளிடம். கடைசியில், இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவர் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும். அம்மாவின் பெயரை எழுதினேன், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, இனிஷியல் இல்லாமல். அவளுடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டை அந்தப் படிவம் கேட்கவில்லை.